வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்



சங்க மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மலர்க் குழுவினர் கேட்டார்கள். இன்ஜினியர் என்றால் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ அப்துல் கலாமைப் பற்றியோ எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை. அதிலும் அவர் செய்த ஆபரேஷன்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நர்சுகளின் படிப்பை அவர் எந்த இடத்தில் வைத்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம திருப்பாச்சூர், திருவள்ளூர் பக்கத்தில் இன்று தெருவுக்கு ஒரு பெண்ணாவது நர்சிங் படிக்கிறாள். ஆனால் வீட்டில் பேசும்போது, டாக்டர் சீட் கிடைக்கவில்லை, அதனால் நர்சிங் என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அந்தப் படிப்பின் மதிப்பு என்ன, அது எப்படி வந்தது என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள நாம் வெகு தூரம் போக வேண்டாம். நம்ம ஊர் ரோட்டில் மேற்கே திருத்தணி, சோளிங்கர் தாண்டிப் போனால் ராணிப்பேட்டை. அங்கேதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே மிஷனரி டாக்டராக இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு மாறியவர். அப்பாவும் டாக்டர்தான். குடும்பமே மருத்துவக் குடும்பம், மிஷனரிக் குடும்பம். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் வாடிய குழந்தைகளுக்கு உணவு கொடுக்கிற வேலை சின்னப் பெண்ணான ஐடாவுக்கும் வந்தது. அந்த வயதில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்த பிள்ளைக்கு இந்த ஊரே வேண்டாம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

பிறகு அமெரிக்கா போனார். மாசசூசெட்ஸில் உள்ள நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். அங்கேயே நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வசதியாக இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். மிஷனரி ஆகவே கூடாது என்று தீர்மானமாக இருந்தார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததும், கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கேதான் எல்லோரும் அறிந்த அந்த ராத்திரி வந்தது. ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூன்று பேருடைய மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னால், ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்த பிறகு விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள். அன்றோடு அமெரிக்க வாழ்க்கைக் கனவு முடிந்தது. டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருவது என்று முடிவெடுத்தார்.

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். கிளம்புவதற்கு முன் வேலூரில் ஒரு பெண்கள் மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்ற பெரியவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900 ஜனவரி முதல் தேதி, புது நூற்றாண்டின் வாசலில், ஐடா மறுபடியும் இந்தியாவில் வந்து இறங்கினார்.

முதல் உதவியாள்

வந்த சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார். அவரிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்த இளம் டாக்டர் தனியாக நின்றார். மருத்துவமனைக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. வீட்டின் ஒரு அறையில், ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு கூட்டம் தாங்கவில்லை. இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

அந்த அறையில் அவருக்குக் கை உதவியாக இருந்தவர் சலோமி என்ற பெண். வீட்டு வேலைக்கு வந்தவர்; நர்சிங் படித்தவர் இல்லை. அன்றைக்கு வேலூரில் படித்த நர்ஸ் என்று தேடினாலும் கிடைக்காது. எனவே கை கழுவுவதிலிருந்து கருவிகளைக் கொதிக்க வைப்பது வரை டாக்டரே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

நம்ம மாதிரி தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். மெஷின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மூன்று ஷிஃப்டிலும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை என்றால் உற்பத்தி நடக்காது. டாக்டர் ஆபரேஷன் செய்வது ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் நோயாளி நர்ஸ் கையில்தான் இருக்கிறார். காய்ச்சல் ஏறுகிறதா, ரத்தம் கசிகிறதா, மூச்சு மாறுகிறதா என்று கவனிப்பதும், கவனித்ததை உடனே டாக்டருக்குச் சொல்வதும் நர்ஸ்தான். கவனிக்கத் தெரியாத கண் இருந்தும் பயனில்லை. அந்தக் கண்ணைத் தருவது படிப்பு.

1909-ல் ஒரு பள்ளி

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. படுக்கை பெருகினால் நர்சும் பெருக வேண்டும். எங்கிருந்து வருவார்கள்?

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். பெண் படிப்பதே அபூர்வம். பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம். மலம், சீழ், ரத்தம் தொட்டால் தீட்டு. அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் ராத்திரி வேலை என்றால் குடும்ப மானம் போச்சு. அதனால் இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், ஆதரவற்றவர்கள், விதவைகள். வேறு வழியில்லாதவள் செய்கிற வேலை என்ற பெயர் அப்போதே நர்சிங்மேல் ஒட்டிக்கொண்டது. லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் நைட்டிங்கேல் அம்மையார் பெயரில் பள்ளி தொடங்கியாகிவிட்டது. நம் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் 1871-லேயே நான்கு மாணவிகளோடு பயிற்சி ஆரம்பமானது. ஆனாலும் மாவட்டங்களில் அது பரவவில்லை.

ஐடா ஸ்கடர் 1909-ல் வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பை டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்சிடம் கொடுத்தார். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இதுதான் அடிப்படை. டாக்டர் ஓய்வு நேரத்தில் நாலு வார்த்தை சொல்லித் தருவது பயிற்சி ஆகாது. நர்சிங் என்பது தனித் தொழில், தனிப் பாடம். அதை ஒரு நர்ஸ்தான் கற்றுத்தர முடியும் என்பதை அந்த நியமனம் ஒத்துக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாக்டர் பெண்களை உருவாக்க அவர் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-ல். நர்சிங் பள்ளி அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் வந்துவிட்டது. வேலூர் என்றால் நமக்கு டாக்டர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அங்கே அஸ்திவாரமாகப் போடப்பட்ட கல்வி நர்சிங் கல்வி.

அந்த 1909-லேயே அவருக்கு ஒரு பியூஜோ கார் வந்து சேர்ந்தது. குடியாத்தம் சாலையில் வாரா வாரம் போவார். மாடு பூட்டாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்து ஜனங்கள் முதலில் பயந்து ஓடினார்களாம். பிறகு மரத்தடியில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். டாக்டர் போனால் கூடவே மருந்துப் பெட்டியும் கட்டுத் துணியும் உதவியாளர்களும் போவார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் வேலையை ஆஸ்பத்திரிக்கு வெளியே, புழுதி ரோட்டு ஓரத்தில் செய்தார்கள். இன்று சமுதாய நல நர்சிங் என்று பாடப் புத்தகத்தில் இருப்பதற்கு அந்த ரோடு ஒரு ஆரம்பம்.

1918-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்கள் படிக்க வருவார்களா, வந்தாலும் தேறுவார்களா என்று சென்னை மருத்துவ அதிகாரிகளுக்கே சந்தேகம். முதல் வருஷப் பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அதே பரீட்சையில் ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார் என்று சொல்வார்கள். பெண்ணிடம் அதிகம் எதிர்பார்த்தால் அவள் அதிகம் தருவாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பள்ளியிலிருந்து கல்லூரிக்கு

1926-ல் சென்னை மாகாணத்தில் நர்சுகளையும் மிட்வைஃபுகளையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இனி நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள ஒரு தேர்வு, ஒரு பதிவு வேண்டும் என்றானது. இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஒரு பெரிய சிக்கல் தீரவில்லை. நாடு பூராவும் நர்சிங் மாணவி என்றால் ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் இல்லாத வேலையாள் என்ற நிலைமைதான். வார்டில் ஆள் குறைந்தால் வகுப்பு ரத்து. ராத்திரி ட்யூட்டி முடித்துவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டே பாடம் கேட்க வேண்டும். படிப்பு இரண்டாம் பட்சம், வேலைதான் முதல்.

நம்ம பாலிடெக்னிக் அப்ரெண்டிஸ் பசங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். தொழில் கற்றுத் தருகிறோம் என்று சேர்த்துக்கொண்டு, ஒரே போல்ட்டை ஒரு வருஷம் முறுக்க வைத்தால், அவன் கற்றது முறுக்குவது மட்டும்தான்.

இந்த நேரத்தில் வேலூருக்கே ஆபத்து வந்தது. 1938-ல் சென்னை அரசு, டிப்ளமோ தரும் மருத்துவப் பள்ளிகள் இனி போதாது, எம்.பி.பி.எஸ். பட்டம் தரும் கல்லூரியாக உயர்த்து, இல்லையென்றால் நிறுத்து என்ற நிலைமையைக் கொண்டுவந்தது. அதற்குப் பேராசிரியர்கள், கட்டடம், படுக்கைகள், லட்சக்கணக்கில் பணம் எல்லாம் வேண்டும். ஐடா ஸ்கடருக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் ஓய்வு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் 1941-ல், உலகப் போர் நடக்கும்போது, நிதி திரட்ட அமெரிக்கா கிளம்பினார். ஊர் ஊராகப் பேசினார். பெண்களுக்கு மட்டுமான கல்லூரி என்பதை விட்டு, ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் பல மிஷன்களின் உதவி கிடைக்கும் என்றபோது, பழைய சிநேகிதர்களின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு அதற்கும் சம்மதித்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்களும் வந்தார்கள்.

தரத்தை உயர்த்து என்ற கட்டளை டாக்டர் படிப்புக்குத்தான் வந்தது. நர்சிங்குக்கு அப்படி எந்தக் கட்டளையும் இல்லை. பழைய பள்ளியை அப்படியே நடத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1946-ல் வேலூரில் நர்சிங் கல்லூரி தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப் படிப்பை ஆரம்பித்தார்கள். அதே 1946-ல் டெல்லியிலும் ஒரு நர்சிங் கல்லூரி வந்தது. இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டம் என்பது இந்த இரண்டு இடங்களிலிருந்து தொடங்கியதுதான்.

அந்த வருஷம்தான் போர் கமிட்டி அறிக்கையும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கை அது சொன்னது. டாக்டர் என்றால் சுமார் 6,300 பேருக்கு ஒருவர். டாக்டரை விட நர்ஸ் அதிகம் இருக்க வேண்டிய நாட்டில், நிலைமை தலைகீழாக இருந்துச்சு. பல்கலைக்கழகப் பட்டம் தரும் நர்சிங் கல்லூரிகள் தேவை என்றும் அந்தக் கமிட்டி சொல்லியது.

பட்டத்தால் என்ன வந்தது? ஒரு காகிதம் மட்டும் வரவில்லை. மாணவி முதலில் மாணவி, பிறகுதான் வார்டு வேலை என்ற வரிசை வந்தது. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல் எல்லாம் பாடமாக வந்தன. எல்லாவற்றையும் விட முக்கியம், நர்சுகளுக்குப் பாடம் சொல்லித் தர நம்ம ஊர் நர்சுகளே தயாரானார்கள். வெளிநாட்டு சிஸ்டர் வந்து சொல்லித் தரட்டும் என்று காத்திருக்கும் காலம் முடிந்தது.

வேலூரில் 1948-ல் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். உலகத்துக்கே அது முன்னோடி. அப்படிப்பட்ட நோயாளிக்கு வலி தெரியாது. கட்டு இறுக்கமாக இருந்தாலும் சொல்ல மாட்டார். தினமும் அந்தக் கையைப் பார்த்து, விரல் நிறம் மாறுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? பெரிய அறுவை சிகிச்சைகள் ஓர் ஊரில் வேர் பிடிக்க, படித்த நர்சுகள் அங்கே முன்னதாகவே இருக்க வேண்டும்.

நர்சிங் கல்லூரி வந்த 1946-லேயே ஐடா ஸ்கடர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி தலைமைக்கு வந்தார். கொடைக்கானல் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்த ஐடா, 1960 மே மாதம், 89-ஆம் வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் மிஷனரி, தன் மத நம்பிக்கையால் உந்தப்பட்டு வந்தவர், அதை மறைக்கவும் இல்லை. அவர் கட்டியெழுப்பிய படிப்பு எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்று நம்ம பக்கத்தில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரும்பு உருக்கும் ஆலை. ஒருநாள் இரவு ஷிஃப்டில் ஒரு தொழிலாளியின் முன்கையில் சூடான உலோகம் தெறித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் பதறிப்போய் டூத் பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலுதவி அறையில் இருந்த சிஸ்டர் அதைத் தடுத்துவிட்டு, கையைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்க வைத்தார். வீங்குவதற்கு முன்னால் கையிலிருந்த காப்பையும் மோதிரத்தையும் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 20 நிமிஷம் தண்ணீரை நிறுத்தவே இல்லை. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி, நேரம் எழுதி, ஆம்புலன்சில் அனுப்பினார். இரண்டு மாதத்தில் அந்த ஆள் வேலைக்கு வந்துவிட்டார். அந்த 20 நிமிஷத்தின் விலை என்ன என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

அந்த சிஸ்டர் பின்னொரு நாள் சொன்னது மனசை உறுத்தியது. அவர் படித்த கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி பெயரளவுக்குத்தானாம். ஒரு நோயாளியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்களாம். ஊசி போடவே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாராம்.

இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த விதி இப்படி இல்லை. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை, அதில் குறைந்தது 100 படுக்கை, ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது அதன் கணக்கு. விதி காகிதத்தில் இருந்து, வார்டில் இல்லாமல் போனால், 1909-க்கு முந்தைய நிலைமைக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு.

சம்பளமும் அப்படித்தான். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதில் பாதி வாங்குகிற பிள்ளைகள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். நான்கு வருஷம் படித்தவளுக்கு அந்தக் கூலி கொடுத்தால், நல்லாப் படிக்கிற பிள்ளை இந்தப் பக்கம் ஏன் வரும்? தரமும் மதிப்பும் வண்டியின் இரண்டு சக்கரம் மாதிரி. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். ஐடா ஸ்கடர் பள்ளியைக் கல்லூரி ஆக்கி, நல்ல ஆசிரியரையும் பட்டத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது இதனால்தான்.

நம்மால் ஆனது

இது இன்ஜினியர்கள் மலர். நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். மூன்று விஷயம் தோன்றுகிறது.

ஒன்று, உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு பெண்ணை, இப்போது பையன்களும் படிக்கிறார்கள், நர்சிங்கில் சேர்க்கிறீர்கள் என்றால், கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஆஸ்பத்திரி எங்கே, படுக்கை எத்தனை, அதில் நோயாளி எத்தனை, ஆசிரியர்கள் யார் என்று கேளுங்கள். மெஷின் வாங்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறோம் இல்லையா, அது மாதிரி.

இரண்டு, நம்மில் பலர் இன்று தொழிற்சாலைகளில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறோம். முதலுதவி அறைக்கு ஆள் எடுக்கும்போது, யார் குறைந்த சம்பளத்துக்கு வருவார் என்று தேடாமல், யார் நன்றாகப் படித்தவர் என்று தேடுவோம். அந்தப் படிப்புக்கு உரிய சம்பளத்தையும் வாங்கிக் கொடுப்போம்.

மூன்று, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்தில் தொழிலாளர் நலமும் ஒரு பகுதி. பக்கத்து நர்சிங் கல்லூரி மாணவிகளை வருஷத்துக்கு இரண்டு நாள் நம் நண்பர்கள் வேலை செய்யும் ஆலைகளுக்கு அழைத்துப் போய், சூடு, சத்தம், தூசி, ரசாயனம் எல்லாம் மனுஷ உடம்பை என்ன செய்கிறது என்று நேரில் காட்ட ஏற்பாடு செய்யலாம். செலவு ஒரு பஸ் வாடகையும் மதியச் சாப்பாடும்தான்.

ராணிப்பேட்டையில் பிறந்த ஒரு பெண், கட்டளை இல்லாமலே ஒரு படிப்பின் தரத்தை உயர்த்தினார். விதிகளும் கல்லூரிகளும் நிறைய இருக்கும் இந்தக் காலத்தில், அதைக் காப்பாற்றுகிற வேலையாவது நாம் செய்வோம். இந்தக் கோரிக்கையை ஆண்டுப் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.